"கார்டு போயிடுச்சு" என்று சொல்வதற்கு முன்னால்



கொஞ்சம் நீளமான பதிவு. டீயை ஆற்றி வைத்துக்கொண்டு நிதானமாகப் படியுங்கள். திருப்பூர்ப் பக்கம் மில்லிலும் சாயப்பட்டறையிலும் எலக்ட்ரீசியனாக, மெயின்டனன்ஸ் ஆளாக வேலை பார்க்கும் என் பிள்ளைகளுக்காக இதை எழுதுகிறேன். அதே மில்லையும் பட்டறையையும் நடத்துகிற என் பிள்ளைகளுக்காகவும்தான். இரண்டு கூட்டமும் ஒரே பெஞ்சில் உட்கார்ந்து ஒரே சத்துணவைச் சாப்பிட்டு வளர்ந்தது. இன்று ஒருவர் முதலாளி, ஒருவர் தொழிலாளி. ஆகவே இருவருக்கும் சேர்த்துப் பேசுகிற உரிமை இந்த டீச்சருக்கு உண்டு என்று எடுத்துக்கொள்கிறேன்.

"ஆசிரியர் பயிற்சி டிப்ளமோ படித்த டீச்சருக்கும் பி.எல்.சி.க்கும் என்ன சம்பந்தம்?" என்று சிலர் சிரிப்பது தெரிகிறது. ஓய்வு பெற்ற பிறகு மகனுடைய பேனல் போர்டு கட்டும் பட்டறையில்தான் என் பகல் பொழுது போகிறது. ஒயர்களுக்கு நம்பர் வளையம் மாட்டுவது, டெர்மினல்களுக்குப் பெயர் எழுதுவது, பழுதுக்கு வரும் போன்களை நோட்டில் குறித்து வைப்பது எல்லாம் என் வேலை. கரும்பலகையில் எழுதிய கைக்கு இது ஒன்றும் கஷ்டமில்லை. குறித்துக் குறித்து, கேட்டுக் கேட்டு, கொஞ்சம் பிடிபட்டது. பிடிபட்டதை வகுப்பு எடுக்காவிட்டால் வாத்தியாருக்குத் தூக்கம் வராது.

முதலில், தெரியாத சொந்தக்காரர்களுக்காக ஒரு விளக்கம். பி.எல்.சி. என்பது இயந்திரத்தின் மூளைப் பெட்டி. வகுப்பில் மாணவத் தலைவன் ஓடி வந்து, "டீச்சர், தண்ணித் தொட்டி நிறைஞ்சிடுச்சு" என்று சொல்கிறான். டீச்சர் மனதில் விதிமுறை இருக்கிறது: தொட்டி நிறைந்தால் மோட்டாரை நிறுத்த வேண்டும். இன்னொரு பையனை அனுப்பி நிறுத்தச் சொல்கிறார். சேதி கொண்டு வருபவன் இன்புட். விதிமுறைப்படி முடிவெடுப்பது சி.பி.யு. போய் வேலையைச் செய்பவன் அவுட்புட். இந்தச் சுற்று சில ஆயிரத்தில் ஒரு பங்கு நொடிகளில் முடிந்து, நாள் முழுக்கத் திரும்பத் திரும்ப நடந்துகொண்டே இருக்கும்.

இது வருவதற்கு முன்னால் பீரோ பீரோவாக ரிலேக்களை அடுக்கித்தான் இயந்திரங்களை ஓட்டினார்கள். மாடல் மாறும்போதெல்லாம் அத்தனை ஒயரையும் பிரித்துக் கட்ட வேண்டும். அமெரிக்காவில் ஜெனரல் மோட்டார்ஸ் கார் கம்பெனி, 1968இல், இந்த ரிலேக்களுக்கு மாற்று வேண்டும் என்று கேட்டது. டிக் மோர்லி என்கிற பொறியாளரும் அவருடைய குழுவும் செய்து கொடுத்த பெட்டிக்கு மோடிகான் 084 என்று பெயர். அந்தக் குழுவின் 84ஆவது வேலை என்பதால் அந்த எண். பட்டறைத் தூசியிலும் சூட்டிலும் அதிர்விலும் தாக்குப்பிடிக்க வேண்டும், ரிலே தெரிந்த எலக்ட்ரீசியனே பார்த்துப் புரிந்துகொள்ள வேண்டும் என்பதுதான் ஆரம்பத்திலிருந்தே நோக்கம். அதாவது, சாதாரணத் தொழிலாளியை நம்பிச் செய்த கருவி இது.

இப்போது விஷயத்துக்கு வருகிறேன்.

என் நோட்டில் அதிகம் எழுதப்பட்ட வாக்கியம் எது தெரியுமா? "பி.எல்.சி. கார்டு போயிடுச்சுங்க." தமிழ்நாட்டுத் தொழிற்சாலைகளில் இதைவிடச் செலவு வைக்கிற வாக்கியம் இன்னொன்று இருக்குமா என்று எனக்குச் சந்தேகம். போய்ப் பார்த்தால் பெரும்பாலும் கார்டு நன்றாகத்தான் இருக்கிறது. சென்சாரில் பஞ்சு படிந்திருக்கும். ஒயர் டெர்மினலில் திருகு தளர்ந்திருக்கும். லிமிட் ஸ்விட்சுக்குள் சாயத் தண்ணீர் இறங்கியிருக்கும். ஃபியூஸ் போயிருக்கும். எலி கடித்திருக்கும். யோசித்துப் பாருங்கள். மூளைப் பெட்டி பூட்டிய பேனலுக்குள் பத்திரமாக இருக்கிறது. ஆவியிலும் ஈரத்திலும் அதிர்விலும் அடிபடுவது வெளியே இருக்கும் சென்சாரும் ஸ்விட்சும் கேபிளும்தான். எது அதிகம் அடிபடுகிறதோ அது முதலில் பழுதாகும். ஆனால் நாம் முதலில் சந்தேகப்படுவது, நமக்குப் புரியாத பெட்டியை.

பள்ளிக்கூடத்திலும் இதையேதான் பார்த்தேன். கணக்கில் விடை தப்பாக வந்தால் பையன் கடைசி வரியை மட்டும் அழித்து வேறு எண்ணை எழுதிப் பார்ப்பான். தப்பு மூன்றாவது வரியில் கடன் வாங்காமல் கழித்ததில் இருக்கும். விடை என்பது தப்பு தெரிகிற இடம்தான், தப்பு பிறந்த இடம் வேறு. இயந்திரமும் அப்படித்தான்.

ஆகவே என் கருத்து இதுதான். பி.எல்.சி. பழுது பார்ப்பது மேதைகளுக்கு மட்டும் வாய்க்கிற வித்தை இல்லை. அது வரிசையாகப் பார்க்கும் ஒழுக்கம். அந்த ஒழுக்கத்தைத் தொழிலாளி பழக வேண்டும். பழகியவனுக்கு அதைச் செய்ய நேரமும் மரியாதையும் முதலாளி தர வேண்டும். இதில் ஒன்று குறைந்தாலும் முதலில் பணம் போகும். பிறகு கை, கால், உயிர் போகும்.

வரிசை என்றேன். அதைச் சொல்லிவிடுகிறேன்.

ஒன்று. கையை வைப்பதற்கு முன்னால் வாயைத் திற. இயந்திரத்தை ஓட்டிய ஆளிடம் கேள். எப்போது நின்றது? நிற்கும் முன் என்ன சத்தம்? காலையில் யாராவது எதையாவது கழற்றி மாட்டினார்களா? ஓட்டுகிற அக்காவுக்கு ஏணிப்படம் படிக்கத் தெரியாமல் இருக்கலாம். ஆனால், "ரெண்டு நாளா வால்வு திறக்கறப்ப ஒரு முனகல் கேக்குதுங்க" என்று அவர் சொல்வதில் பாதிப் பழுது பிடிபட்டுவிடும்.

இரண்டு. கண்ணால் பார். பெட்டியில் இருக்கும் சின்ன விளக்குகள் அலங்காரத்துக்கு வைத்தவை இல்லை. பவர் விளக்கு, ரன் விளக்கு, எர்ரர் விளக்கு என்று கம்பெனிக்குக் கம்பெனி பெயர் கொஞ்சம் மாறும், சேதி ஒன்றுதான். எந்த விளக்கும் எரியவில்லை என்றால் மின்சாரம் வருகிற வழியைப் பார். ரன் விளக்கு எரிகிறது, எர்ரர் இல்லை, ஆனாலும் இயந்திரம் ஓடவில்லை என்றால், மூளை விழித்துக்கொண்டுதான் இருக்கிறது. ஏதோ ஒரு சேதிக்காகக் காத்திருக்கிறது, அல்லது அது சொன்னதை யாரோ செய்யவில்லை. தேட வேண்டியது வெளியே. எர்ரர் சிவப்பாக எரிகிறது என்றால் லேப்டாப்பை மாட்டி, பெட்டிக்குள் பதிவாகி இருக்கும் குறிப்பைப் படி. படிக்கும் முன் ஆஃப் பண்ணி ஆன் பண்ணாதே. சில பெட்டிகளில் அந்தத் தடயம் அழிந்துபோகும்.

மூன்று. 24 வோல்ட்டை அள. பெரும்பாலான பேனல்களில் சென்சாருக்கும் கார்டுக்கும் உயிர் கொடுப்பது எஸ்.எம்.பி.எஸ். பெட்டி தருகிற 24 வோல்ட். அதை இயந்திரம் சுமையோடு இருக்கும்போது அளக்க வேண்டும். சும்மா இருக்கும்போது 24 காட்டிவிட்டு, நாலு வால்வு சேர்ந்து இழுத்ததும் சரிந்துவிடுகிற பெட்டிகள் உண்டு. பல இன்புட் கார்டுகள் 15 வோல்ட்டுக்கு மேல் வந்தால் "ஆம்" என்றும் 5 வோல்ட்டுக்குக் கீழே இருந்தால் "இல்லை" என்றும் எடுத்துக்கொள்ளும். இடைப்பட்டதில் அதற்கே நிச்சயம் கிடையாது. ஒரு நேரம் ஓடி ஒரு நேரம் நிற்கிற பேய்ப் பழுதுகளில் சில இங்கேதான் பிறக்கின்றன. எஸ்.எம்.பி.எஸ். உள்ளே இருக்கும் கெப்பாசிட்டர்களுக்குச் சூடு ஆகாது. 10 டிகிரி சூடு கூடினால் ஆயுள் பாதியாகும் என்பது தொழிலில் உள்ள ஒரு கணக்கு. பேனல் விசிறியின் ஃபில்டரில் அடைத்த பஞ்சைத் தட்டாமல் விட்டு, பிறகு கம்பெனிக்காரனைத் திட்டிப் பயனில்லை.

நான்கு. பாதியில் வெட்டு. இதுதான் எனக்கு மிகவும் பிடித்த பாடம். ஐந்தாம் வகுப்பில் "நான் நினைத்த எண்" விளையாட்டு விளையாடினோமே, நினைவிருக்கிறதா? 1 முதல் 100 வரை ஓர் எண்ணை நினைத்துக்கொள்வேன். "50க்கு மேலயா டீச்சர்?" என்று கேட்பீர்கள். ஏழே கேள்வியில் பிடித்துவிடலாம். 1, 2, 3 என்று வரிசையாகக் கேட்கிற பையன் பெல் அடித்த பிறகும் கேட்டுக்கொண்டிருப்பான். பழுதும் அப்படித்தான். சென்சாரில் தொடங்கி கேபிள், ஜங்ஷன் பாக்ஸ், டெர்மினல், கார்டு, புரோகிராம், அவுட்புட், ரிலே, வால்வு வரை ஒரு சங்கிலி. நடுவில் நின்று அள. இன்புட் கார்டில் அந்த விளக்கு எரிகிறதா? எரிந்தால் அதற்கு முன்னால் உள்ளது அத்தனையும் சரி. எரியாவிட்டால் பின்னால் உள்ளதைத் தொட வேண்டிய அவசியமே இல்லை. பாதி வேலை ஒரே பார்வையில் முடிந்தது. மீதிப் பாதியை மறுபடி பாதியாக்கு. 16 இடம் உள்ள சங்கிலியில் நாலு சோதனையில் பழுதுள்ள இடத்தில் நிற்கலாம்.

ஐந்து. அவுட்புட் விளக்கு எரிகிறது, வால்வு அசையவில்லை. உடனே கார்டைக் கழற்றாதே. விளக்கு எரிவது "சொல்லிவிட்டேன்" என்பதற்குத்தான் அடையாளம், "நடந்துவிட்டது" என்பதற்கு இல்லை. ஃபியூஸ் உயிரோடு இருக்கிறதா, இடையில் உள்ள ரிலே இழுக்கிறதா, வால்வின் காயில் அறுந்திருக்கிறதா என்று பார். மீட்டர் 24 காட்டுகிறது என்று மட்டும் நம்பிவிடாதே. பத்து இழையில் ஒன்பது அறுந்து ஓர் இழை ஒட்டிக்கொண்டிருந்தாலும், சுமை இல்லாதபோது மீட்டர் முழு வோல்ட்டைத்தான் காட்டும். சுமையை மாட்டி அளந்தால்தான் குட்டு வெளிப்படும். வாயில் வீரம் பேசுகிறவனை மூட்டை தூக்கச் சொல்லிப் பார்ப்பது போல.

ஆறு. கார்டு நிஜமாகவே போய்விட்டது என்றால், ஏன் போனது என்று கேட்காமல் புதுசை மாட்டாதே. வால்வு காயிலை நிறுத்தும் நொடியில் அதிலிருந்து நூற்றுக்கணக்கான வோல்ட் எதிர்த்துக் கிளம்பும். பைக்கில் 12 வோல்ட் பேட்டரி ஸ்பார்க் பிளக்கில் தீப்பொறி தருவது இதே தத்துவத்தில்தான். அதைத் தணிக்க டி.சி. காயிலுக்குக் குறுக்கே ஒரு டயோடு போடுவார்கள். சில ரூபாய்ச் சாமான். அது இல்லாமலோ, வெடித்துப்போயோ இருந்தால், இன்று மாட்டுகிற புதுக் கார்டும் அதே வழியில் போகும். வெளியே ஷார்ட் இருக்கிற கேபிளில் புதுக் கார்டை மாட்டுவது ஓட்டைக் குடத்தில் நெய் ஊற்றுகிற வேலை. மாட்டும்போது மின்சாரத்தை நிறுத்தி, அதே பார்ட் நம்பர்தானா என்று எழுத்தெழுத்தாக ஒப்பிட்டு மாட்டு. ஒரு நேரத்தில் ஒன்றை மட்டும் மாற்று. மூன்றை ஒன்றாக மாற்றினால் இயந்திரம் ஓடலாம், ஆனால் எதனால் ஓடியது என்பது உனக்குத் தெரியாது. தெரியாத பழுது திரும்பி வரும்.

ஏழு. எழுது. தேதி, நேரம், என்ன பார்த்தாய், என்ன அளந்தாய், என்ன செய்தாய். மத்தியானம் 2 மணிக்கே நிற்கிறது என்றால் சூடு. பக்கத்து மோட்டார் கிளம்பும்போதெல்லாம் நிற்கிறது என்றால், மோட்டார் வேகத்தை மாற்றும் டிரைவின் கேபிளும் சென்சார் கேபிளும் ஒரே டிரேயில் ஒட்டிப் போகின்றனவா என்று பார். இந்த ஒழுங்கு நோட்டில்தான் தெரியும், ஞாபகத்தில் தெரியாது.

சரி, இது எலக்ட்ரீசியன் பிள்ளைகளுக்கு. இனி முதலாளிப் பிள்ளைகளுக்கு.

உங்கள் பக்கத்து நியாயம் எனக்குத் தெரியும். சாய இயந்திரத்துக்குள் துணி ஓடிக்கொண்டிருக்கும்போது நடுவில் நின்றால் ஷேடு மாறும், திட்டுத் திட்டாக வரும். துணி, சாயம், ஆவி, டெலிவரி தேதி எல்லாம் உங்கள் தலையில். வங்கிக் கடன் காத்திருக்காது. "டீச்சர், நீங்க சொல்ற ஏழு படியை முடிக்கறதுக்குள்ள நான் தெருவுக்கு வந்துடுவேன்" என்று நேரிலேயே சொன்ன பிள்ளை உண்டு. அவனைக் குறை சொல்லவில்லை. ஆனால் ஒரு கணக்குப் போட்டுக் காட்டச் சொல்லுங்கள். வரிசையாகப் பார்க்கிறவன் தொடக்கத்தில் பத்து நிமிடம் சும்மா நிற்பது போலத் தெரிவான். பதறுகிறவன் முதல் நிமிடத்திலிருந்தே ஸ்பேனரும் கையுமாக இருப்பான். எவன் முதலில் முடிக்கிறான்? பதறாத காரியம் சிதறாது என்று நம் பெரியவர்கள் சொன்னது இதற்கும் சேர்த்துத்தான்.

பழுது பார்க்கிறவனைச் சுற்றி ஆறு பேர் நின்று, "என்னாச்சு, என்னாச்சு?" என்று கேட்டால் அவன் யோசிக்க மாட்டான். யோசிப்பது போல நடிப்பான். பரீட்சை எழுதும் பையன் தலைமேல் நின்றால் தெரிந்த விடையும் மறக்கும். அந்த அரை மணி நேரம் அவனை விட்டுவிடுங்கள். பேனல் கதவுக்குள் ஒயரிங் படம் வையுங்கள். படம் இல்லாத பேனல், வருகைப் பதிவேடு இல்லாத வகுப்பு. புரோகிராமின் நகலை ஆபீஸ் கம்ப்யூட்டர் ஒன்றில் மட்டும் வைக்காமல் இரண்டு இடத்தில் வையுங்கள். பழைய பெட்டிகள் பலவற்றில் புரோகிராமைக் காப்பாற்றுவது ஒரு சின்ன லித்தியம் பேட்டரிதான். அதன் விளக்கு எரிந்தால் புத்தகத்தில் சொன்னபடி மாற்றச் சொல்லுங்கள். பல மாடல்களில் மின்சாரம் ஓடும்போதே மாற்ற வேண்டும். நிறுத்திவிட்டு நிதானமாக மாற்றினால் புரோகிராம் காலியாகிவிடும். ஒரு எஸ்.எம்.பி.எஸ்., ஓரிரண்டு கார்டு, நாலைந்து சென்சார், லிமிட் ஸ்விட்ச் இவை ஸ்டோரில் இருக்கட்டும். கல்யாண வீட்டில் கூடுதலாக ஒரு சிப்பம் அரிசி வைப்பது போல.

இனிமேல் சொல்லப்போவதுதான் இந்தப் பதிவை எழுத வைத்த காரணம்.

பாலியெஸ்டர் துணிக்குச் சாயம் ஏற்றும் இயந்திரம் 130 டிகிரி சூட்டில், அழுத்தத்தில் ஓடுவது. நம் வீட்டுக் குக்கரை நினைத்துக்கொள்ளுங்கள், ஆள் உயரத்துக்கு மேலே. உள்ளே இருக்கும் தண்ணீர் வெளிக்காற்று பட்ட நொடியில் ஆவியாகச் சீறும். அதனால்தான் சூடு இறங்கி, அழுத்தம் முழுக்க வடிந்த பிறகுதான் மூடி திறக்கலாம் என்றும், மூடி சரியாகப் பூட்டிய சேதி வந்தால்தான் சூடேற்றலாம் என்றும் பி.எல்.சி.யில் விதி எழுதி வைக்கிறார்கள். மூடியில் ஒரு லிமிட் ஸ்விட்ச் இருக்கும். ஒயர் அறுந்தாலும், ஸ்விட்ச் கெட்டாலும், "மூடி பூட்டவில்லை" என்றே பெட்டி எடுத்துக்கொள்ளும்படிதான் அதை அமைப்பார்கள். சந்தேகம் வந்தால் நின்றுவிடு என்பது அதன் குணம். அவசர நிறுத்தப் பொத்தானும் அப்படித்தான். அதன் ஒயர் அறுந்தால் இயந்திரம் நிற்கும். அதைப் பழுது என்று திட்டுகிறோம். உண்மையில் அது கடமையைச் செய்துகொண்டிருக்கிறது.

என்னிடம் படித்த ஒரு பையன். பெயர் வேண்டாம், பட்டறையின் பெயரும் வேண்டாம். ஐ.டி.ஐ. முடித்தவன், வரிசையாகப் பார்க்கிறவன். ஓர் இரவு ஷிஃப்டில் இயந்திரம் சூடேறவில்லை. "கார்டு போயிடுச்சு" என்றார்கள். அவன் பார்த்தான். ரன் விளக்கு எரிகிறது. மூடி இன்புட் விளக்கு எரியவில்லை. டெர்மினலில் அளந்தான், 24 வரவில்லை. மூடி அருகே போய் அளந்தான். ஸ்விட்சுக்குள் போகிறது, வெளியே வரவில்லை. கழற்றினால் உள்ளே ஈரம் இறங்கி கான்டாக்ட் பச்சை பூத்துக் கிடக்கிறது. கண்டுபிடிக்கப் பத்து நிமிடம் ஆகவில்லை. ஸ்டோரில் மாற்று ஸ்விட்ச் இல்லை. "பேனல்ல ரெண்டு ஒயரையும் சேத்து லூப் அடிச்சு விடு, காலையில பாத்துக்கலாம்" என்று மேலே இருந்தவர் சொன்னார். அதாவது, மூடி திறந்தே கிடந்தாலும் பூட்டியிருக்கிறது என்று பெட்டிக்குப் பொய் சொல்லச் சொன்னார். பையன் முடியாது என்றான். மறுநாளிலிருந்து வர வேண்டாம் என்று சொல்லிவிட்டார்கள். வேறு ஒருவர் லூப் அடித்தார். இயந்திரம் ஓடியது.

அன்று விபத்து எதுவும் நடக்கவில்லை. அதைச் சொல்லித்தான் என்னிடம் வாதாடினார்கள். "பாத்தீங்களா டீச்சர், ஒண்ணும் ஆகலையே!" ஒன்றும் ஆகாமல் போவதுதான் இதில் உள்ள பெரிய ஆபத்து. ஒன்றும் ஆகாததால் அந்த ஒயர்த் துண்டு காலையில் கழற்றப்படாது. அடுத்த வாரமும் கழற்றப்படாது. அடித்தவர் வேலையை விட்டுப் போவார். பேனல் கதவு மூடிக்கொள்ளும். அது அங்கே இருக்கிறது என்று தெரிந்த ஆளே இல்லாத ஒரு நாளில், ஊருக்குப் புதிதாக வந்த, நம் மொழிகூடத் தெரியாத ஒரு பையன், மூடி பூட்டாமல் சூடேறாது என்று நம்பிப் பக்கத்தில் நிற்பான். அவன் நம்பியது நம் எல்லோரையும்.

லேப்டாப்பிலிருந்து "ஃபோர்ஸ்" போட்டு இன்புட்டை வலுக்கட்டாயமாக ஆன் பண்ணி வைப்பதும் இதேதான். ஒயர்த் துண்டாவது கண்ணுக்குத் தெரியும், இது அதுவும் தெரியாது. சோதனைக்காக, இயந்திரத்தின் பக்கத்தில் ஆள் இல்லாதபோது போட்டாலும், முடித்த கையோடு எடுத்துவிட வேண்டும். கைவைக்கப் போகிறவன் மெயினை இறக்கி, பூட்டுப் போட்டு, சாவியைத் தன் பையில் வைத்துக்கொள்ள வேண்டும். மின்சாரம் மட்டும் இல்லை, குழாயில் நிற்கிற காற்றும் ஆவியும் கூட அடிக்கும். அவற்றையும் வடித்துவிட வேண்டும்.

நகரும் பாகங்களுக்கு வேலி போட வேண்டும் என்று 1948ஆம் ஆண்டுத் தொழிற்சாலைச் சட்டம் 21ஆம் பிரிவிலேயே சொன்னது. அந்தக் காலத்து வேலி இரும்புக் கம்பி. இந்தக் காலத்தில் வேலியின் ஒரு பகுதி ஒயரிலும் புரோகிராமிலும் இருக்கிறது. இரும்பு வேலியைப் பிடுங்கிப் போடச் சொன்னால் நாலு பேர் கேட்பார்கள். ஒயர் வேலியைப் பிடுங்குவது யார் கண்ணுக்கும் படுவதில்லை. அவ்வளவுதான் வித்தியாசம்.

"அப்படின்னா நைட்டு மெஷின் நிக்கட்டுமா?" என்றால், ஆம், நிற்கட்டும். அந்த ஸ்விட்ச் வரும்வரை நிற்கட்டும். எண்ணும் சென்சார் கெட்டால் கையால் எண்ணிச் சமாளிக்கலாம். விளக்கு கெட்டால் டார்ச் அடிக்கலாம். எதில் சமாளிக்கலாம், எதில் கூடாது என்பதற்கு ஒரே ஒரு கேள்வி போதும்: இது கெட்டுப்போனால் துணி கெடுமா, ஆள் கெடுமா? துணி என்றால் உங்கள் இஷ்டம். ஆள் என்றால் யாருக்கும் இஷ்டம் கிடையாது.

முதலாளிப் பிள்ளைகளுக்கு ஒரு வேண்டுகோள். பாதுகாப்பு ஸ்விட்சை லூப் அடிக்கச் சொல்கிற உத்தரவு எங்கள் பட்டறையில் வாய்மொழியாக வராது என்று ஒரு காகிதத்தில் எழுதி, கையெழுத்துப் போட்டு, பேனல் பக்கத்தில் ஒட்டிவிடுங்கள். சூப்பர்வைசர் ராத்திரியில் நெருக்கும்போது அந்தப் பையனுக்கு அந்தக் காகிதம்தான் துணை. "முடியாது" என்று சொல்கிற எலக்ட்ரீசியனை அனுப்பிவிடாதீர்கள். அவன் சொல்கிற "முடியாது"தான் உங்களைக் கோர்ட்டிலிருந்தும் தூக்கம் கெட்ட இரவுகளிலிருந்தும் காப்பாற்றப் போவது.

எலக்ட்ரீசியன் பிள்ளைகளே, உங்களுக்கும் ஒன்று. சும்மா "முடியாது" என்று மட்டும் சொல்லிவிட்டு நிற்காதீர்கள். "ஸ்விட்ச் போயிருக்கு, இன்ன இடத்துல அளந்தேன், இன்ன பார்ட் வேணும், வந்தா இருபது நிமிஷத்துல மாட்டிடுவேன்" என்று சொல்லுங்கள். அளந்து பேசுகிறவன் பேச்சுக்கு எடை அதிகம். அனுமானத்தில் பேசினால் உங்கள் பயம் சோம்பேறித்தனமாகத் தெரியும்.

இன்னும் பணியில் இருக்கும் என் சக ஆசிரியர்களுக்கு ஒரு வார்த்தை. நாம் விடைக்குத்தான் மதிப்பெண் போடுகிறோம். தப்பாகப் போட்ட ஒரு கணக்கைக் கொடுத்து, "எந்த வரியில் தப்பு, ஏன்?" என்று கேட்டால் அதற்கும் மதிப்பெண் கொடுங்கள். தப்பைக் கண்டால் பயப்படாமல், அழிக்காமல், மறைக்காமல், உட்கார்ந்து தேடுகிற பிள்ளை நாளை எந்த இயந்திரத்தின் முன்னாலும் நிற்பான். ஐ.டி.ஐ.யிலும் பாலிடெக்னிக்கிலும் புரோகிராம் எழுதச் சொல்லித் தருகிற அளவுக்கு, நன்றாக ஓடுகிற பேனலில் வேண்டுமென்றே ஓர் ஒயரைக் கழற்றிவிட்டுத் தேடச் சொல்வதும் நடக்க வேண்டும்.

கடைசியாக வீட்டுப் பெண்களுக்கு. ராத்திரி 2 மணிக்குப் போன் வந்து வீட்டுக்காரரோ மகனோ கிளம்பினால், "சீக்கிரம் முடிச்சுட்டு வா" என்று சொல்லாதீர்கள். "நிதானமாப் பாத்துட்டு வா" என்று சொல்லி அனுப்புங்கள்.

மேலே சொன்ன பையன் இப்போது வேலை தேடிக்கொண்டிருக்கிறான். வரிசையாகப் பார்ப்பான், நோட்டில் எழுதுவான், பொய் லூப் அடிக்க மாட்டான். அப்படி ஓர் ஆள் வேண்டும் என்று நினைக்கிற முதலாளி இந்தப் பதிவைப் படிப்பவர்களில் ஒருவராவது இருப்பீர்கள். எனக்குத் தனியாகச் செய்தி அனுப்புங்கள். மற்றவர்கள் மாற்றுக் கருத்து இருந்தால் கீழே தாராளமாக எழுதுங்கள். திட்டினாலும் பரவாயில்லை, எழுத்துப் பிழை இல்லாமல் திட்டுங்கள்.

அன்புடன்,
உங்கள் டீச்சர்